அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்

கடந்த வாரம் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த உல்லாசப் பயணக் கப்பலின் அரங்கில் எடுக்கப்பட்ட அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையிலேயே கப்பலில் ஏறி, பயணிகள் கரையிறங்கும் முன்னர் மேடையில் நின்று தன் நிறுவனத்தின் சுற்றுலாக்களை விற்ற அந்தப் பயண முகவரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் திரையில் விழுந்த படத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. துறைமுக வாயிலில் நிற்கும் ஐந்து முச்சக்கரவண்டிச் சாரதிகள். அவர்களுடைய முகங்களுக்குக் குறுக்கே சிவப்பு நிறத்தில் ஒரு பெருக்கல் அடையாளம். இவர்களைத் தாண்டி நேரே எங்கள் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள் என்று அவர் சொல்ல, அரங்கில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

கப்பலுக்குள் சுற்றுலா விற்பது தவறென்று நான் சொல்லவில்லை. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற வழிகாட்டியாகிய நானே இரண்டு பருவங்கள் அத்தகைய விற்பனை மேசையில் அமர்ந்து வேலை செய்தவள். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பின்னர், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வருகின்ற கப்பல்களை நம்பித்தான் எங்களில் பலர் ஆண்டுக் கணக்குப் போடுகிறோம். பஸ், வழிகாட்டி, நுழைவுச் சீட்டு, பகலுணவு எல்லாவற்றையும் உள்ளூர் நிறுவனம் ஏற்பாடு செய்ய, கப்பல் கம்பனி அதன்மேல் தன் இலாபத்தை வைத்து விற்கிறது. அது வியாபாரம், அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. உங்கள் பஸ்ஸின் குளிரூட்டியைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் வழிகாட்டிக்குத் தெரிந்த மொழிகளைச் சொல்லுங்கள், எதை வேண்டுமானாலும் சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரைக் காட்டிப் பயமுறுத்தி விற்காதீர்கள் என்பது மட்டுமே நான் கேட்பது.

கொழும்பு கப்பற் பயணிகளை நேற்றுக் கண்ட ஊரல்ல. 1869 இல் சுயெஸ் கால்வாய் திறந்து, 1885 இல் இங்கே அலைதாங்கி கட்டி முடிந்த பின்னர், காலித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் எல்லாம் இங்கே திரும்பின. இறங்குதுறைக்கு எதிரிலேயே கிராண்ட் ஒரியண்டல் ஹோட்டல் 1875 இல் திறக்கப்பட்டது கப்பலில் வருகிறவர்களுக்காகத்தான். அன்றிலிருந்து துறைமுக வாயிலில் வண்டியோடு யாரோ ஒருவர் காத்து நின்றுகொண்டுதான் இருக்கிறார். முதலில் ரிக்‌ஷா, பின்னர் வாடகைக் கார், இப்போது ஓட்டோ.

அந்த வரிசையில் என் அப்பாவும் நின்றார். அவரிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் இருந்தது. கையில் ஒரு கடிகாரம், காரின் முன்தட்டில் இன்னொரு கடிகாரம். பயணி ஏறி அமர்ந்ததும், எங்கே போகவேண்டும் என்று கேட்கமாட்டார். "கப்பலில் இப்போது நேரம் என்ன?" என்பதுதான் அவருடைய முதற் கேள்வி. கிழக்கேயிருந்து வரும் கப்பல் சில வேளைகளில் தன் நேரத்தை மாற்றாமலேயே இங்கே வந்து நிற்கும். கப்பலின் ஐந்தரை மணி நமக்கு நாலரையாக இருக்கும். அதற்குமேல் 1996 மே மாதம் நமது நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள்; பழைய நேரத்துக்கு நாம் திரும்பியது 2006 ஏப்ரலில்தான். அந்தப் பத்து ஆண்டுகளும் அப்பா முன்தட்டுக் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் காரை எடுப்பார். ஒருமுறை, கரையில் யாரோ சொன்ன நேரத்தை நம்பித் தம் கைக்கடிகாரத்தைத் திருப்பியிருந்த ஒரு முதிய தம்பதியரைக் களனிக்குப் போகும் வழியில் பாதியிலேயே திருப்பி வந்து கப்பலில் ஏற்றினார். விகாரையைக் காட்டவில்லையே என்று அவர்களிடம் அரைக் கூலிதான் வாங்கினார். அன்றிரவு அம்மாவுக்கும் அவருக்கும் அதைப் பற்றி நடந்த வாக்குவாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் அரிசி இருக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த முகவர் அதிகமாகப் பயமுறுத்தியது நேரத்தைச் சொல்லித்தான். கப்பலில் வாங்கிய சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர் பிந்தினால் விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில்தான் போய்ச் சேரவேண்டும். இது உண்மை. பின்னவல யானைகளைப் பார்க்க 80 கிலோமீற்றருக்கு மேல் போக விரும்புகிறவர் கப்பலின் பஸ்ஸிலேயே போகட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வாயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய புறக்கோட்டைக்கும் அதே பயத்தைக் காட்டுவது நேர்மையா? ஓர் உண்மையைத் தேவைக்கு மேல் இழுத்துப் பொய்யாக்குவதை நான் வியாபாரம் என்று ஏற்கமாட்டேன்.

வாயிலில் ஏமாற்றுகிறவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். இன்றைக்கு மட்டும் கங்காராமை விகாரையில் யானைத் திருவிழா என்று சொல்லி, இரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் இறக்குகிறவர்களை எனக்கும் தெரியும். அவர்களால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர். ஆனால் குளிரூட்டிய பஸ்ஸும் இரத்தினக்கல் கடையில் நிற்கிறதே, வாசனைத் திரவியத் தோட்டத்தில் நிற்கிறதே, அங்கே கொமிஷன் யாருக்குப் போகிறது? நான் அந்த பஸ்களில் போயிருக்கிறேன், எனக்குத் தெரியும். ஓட்டோக்காரர் வாங்கினால் ஏமாற்று, நிறுவனம் வாங்கினால் ஒப்பந்தம் என்ற கணக்கை ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

இதை நான் முன்னர் சொன்னபோது, போட்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். போட்டியிடுகிற இருவரில் ஒருவருக்கு மேடையும் ஒலிவாங்கியும் இருக்க, மற்றவர் கப்பலுக்குள் காலடி வைக்கவே அனுமதி இல்லாதபோது அதற்குப் பெயர் போட்டியல்ல. உங்களுக்கு இப்போது அந்த வேலை கிடைக்கவில்லை என்ற எரிச்சல்தானே என்று இன்னொருவர் எழுதினார். நானாகத்தான் அந்த வேலையை விட்டேன். அதற்கான காரணத்தை இவ்வளவு எழுதிய பிறகும் விளக்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

சரி, அந்த பஸ் எதைக் காட்டுகிறது? சுதந்திரச் சதுக்கம், கங்காராமை, காலிமுகத்திடல், ஒரு கடை, திரும்பவும் கப்பல். துறைமுகத்துக்கு அருகிலேயே கொச்சிக்கடை இருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கிறது. செட்டியார் தெருவின் நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன. நான் வேலை செய்த இரண்டு பருவங்களிலும் இவற்றில் ஒன்றாவது அந்தப் பட்டியலில் ஏறவில்லை. கேட்டபோது, அந்தப் பக்கம் நெரிசல், பயணிகளுக்குப் பாதுகாப்பில்லை என்றார்கள். நான் பிறந்து வளர்ந்த தெருக்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். கப்பலில் வருகிற வெளிநாட்டவருக்கு அந்தத் தெருக்களைக் காட்டி வந்தவர்கள், சிவப்பு அடையாளம் போடப்பட்ட அந்த ஓட்டோக்காரர்கள் மட்டும்தான்.

2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது காயப்பட்டவர்களை ஓட்டோக்களிலும் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். 2018 இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021 இல் இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு இந்த ஓட்டோக்காரர்கள் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தார்கள். வேறு தொழிலுக்குப் போக வழியிருந்தவர்கள் போனார்கள், மற்றவர்கள் அதே வாயிலுக்குத் திரும்பி வந்து நின்றார்கள்.

அந்தப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் என் அப்பாவிடம் கார் ஓட்டப் பழகியவர். கப்பல் நேரத்தைக் கேட்காமல் இன்றைக்கும் வண்டியை எடுக்கமாட்டார். அவருடைய மகள் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். வகுப்பில் யாரோ அந்தக் காணொளியைக் காட்டி, இது உன் அப்பாதானே என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அடுத்த கப்பல் வருகிறது. அதற்கு முன்னர் அந்தப் படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.