ஐபிவி4: பூட்டு போட வேண்டிய இடம் வேறு

இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்களான ஐபி முகவரிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் மாற்ற அனுமதிக்கலாமா கூடாதா என்ற வாக்குவாதம் பத்து வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் இணையத்துக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவர் தலையிலும் இதன் விளைவு விடிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இவற்றில் பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். அவற்றை, எது யாரிடம் இருக்கிறது என்று பதிவேடு வைக்கும் ஐந்து பிராந்தியப் பதிவகங்கள் பிரித்துக் கொடுத்து வந்தன: வட அமெரிக்காவுக்கு ஆரின், ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ரைப், ஆசிய-பசிபிக்குக்கு ஏப்நிக், லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்நிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிநிக். உலகப் பொதுக் கையிருப்பில் மிஞ்சிய கடைசி ஐந்து பெரிய தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று ஆளுக்கொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அதே வருஷம் ஏப்ரலில் ஏப்நிக் கடைசித் தொகுதியில் கைவைத்தது. 2015 செப்டம்பரில் ஆரின் கையை விரித்தது. 2019இல் ரைப், அடுத்த வருஷம் லாக்நிக்.

தீர்ந்தது பதிவகங்களின் கையிருப்பு. முகவரிகள் எங்கும் போய்விடவில்லை, முதலில் வந்தவர்களிடம் இருக்கின்றன. எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு ஒரு காலத்தில் ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகள் கொடுத்தார்கள். ஃபோர்டு கார் நிறுவனத்துக்கும் அதே அளவு. கட்டணமும் இல்லை, கெடுபிடியும் இல்லை. 2011இல், திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. இது விலைக்குப் போகும் பொருள் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. 2017இல் எம்ஐடியும் தன்னிடமிருந்ததில் பெரும் பங்கை விற்றது.

இருப்பு ஒரு பக்கம், தேவை இன்னொரு பக்கம் என்று ஆனபிறகு பிராந்திய எல்லை தாண்டிய மாற்றம் வந்தே தீரும். ஆரினும் ஏப்நிக்கும் 2012இல் அந்தக் கதவைத் திறந்தன. 2015இல் ரைப் சேர்ந்தது, 2020இல் லாக்நிக். இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எங்கோ சும்மா கிடக்கிற முகவரி, தேவைப்படுகிறவரிடம் போகட்டும்.

உறுத்துவது ஒன்று உண்டு. வாங்குகிறவருக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறதா என்று சோதிக்கும் விதி இல்லாத பிராந்தியத்துக்கு முகவரியை அனுப்ப மாட்டேன் என்று ஆரின் நிபந்தனை வைத்தது. மாற்றங்களுக்கு அந்தச் சோதனையை எடுத்துவிட்டிருந்த ஏப்நிக், ஆரினோடு ஒத்துப்போவதற்காக அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கோடிக்கணக்கில் இலவசமாக வாங்கிக்கொண்டவர்களை யாரும் அவ்வளவு கெடுபிடியாகக் கேட்டதில்லை. கடைசியில் வந்து, காசும் கொடுத்து வாங்குகிறவர்தான் எதற்கு வேண்டும் என்று கணக்குக் காட்ட வேண்டும். பதுக்கலைத் தடுக்க இதைவிட நல்ல கருவி கைவசம் இல்லை, அதனால் இருக்கட்டும். ஆனால் இதை நியாயம் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் ஆப்பிரிக்கா. பிராந்தியத்துக்குள் கைமாற்றலாம், எல்லை தாண்டக் கூடாது என்பதே ஆஃப்ரிநிக்கின் நிலை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கும் கண்டம், கிடைத்ததோ ஐந்து பிராந்தியங்களில் மிகச் சிறிய பங்கு. கதவைத் திறந்தால் பணக்காரச் சந்தை உறிஞ்சிவிடும் என்கிறார்கள். உள்ளே மட்டும் வரட்டும், வெளியே போகக் கூடாது என்று விதி எழுதலாமே என்றால், இருவழிப் பாதை இல்லாவிட்டால் ஆரின் ஒப்புக்கொள்ளாது.

ஆனால் கதவை மூடியதால் முகவரிகள் உள்ளே நின்றனவா? இல்லை. குத்தகைக்கு விட்டால் போதும். பதிவேட்டில் ஆப்பிரிக்கப் பெயர் அப்படியே இருக்கும், முகவரி வேறொரு கண்டத்தின் ரூட்டரிலிருந்து அறிவிக்கப்படும், அதாவது அங்கே பயன்படும். அப்படி வெளியே பயன்படுத்தியது பற்றி எழுந்த தகராறு வழக்காகி, 2021இல் மொரீஷியஸ் நீதிமன்றம் ஆஃப்ரிநிக்கின் வங்கிக் கணக்குகளையே முடக்கும் வரை போனது. 2023இல் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றமே ஓர் அதிகாரியை நியமித்தது. அதற்கும் முன்னால், சுமார் 40 லட்சம் முகவரிகள் பதிவேட்டில் முறைகேடாகக் கைமாறியிருந்தது ஆஃப்ரிநிக்கின் சொந்தத் தணிக்கையிலேயே வெளிவந்தது. தடை இருந்த காலத்தில்தான் இத்தனையும் நடந்தது.

அதனால்தான் பூட்டை எல்லையில் போடாதீர்கள், கையிருப்பில் போடுங்கள் என்கிறேன். பதிவகத்தின் இலவசக் கையிருப்பிலிருந்து வாங்கியவர், குறிப்பிட்ட காலத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, உள்ளூரிலும் கூடாது. இது புது யோசனை ஒன்றும் இல்லை. ரைப் 24 மாதம் வைத்திருக்கிறது. ஆரினின் காத்திருப்போர் பட்டியல் வழியாக வாங்கியவர் 60 மாதம் காத்திருக்க வேண்டும். ஏப்நிக்கும் தன் கடைசித் தொகுதிக்கு 5 வருஷம் வைத்தது. ஆப்பிரிக்காவுக்கு இதைவிட நீண்ட காலம் வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் காலம் முடிந்த முகவரிகள் வெளியே போகட்டும், வெளியிலிருந்தும் உள்ளே வரட்டும்.

முறையான மாற்றத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அன்றாட வேலையில் பார்த்ததும் ஒரு காரணம். முறைப்படி ஒரு தொகுதி கைமாறும்போது, விற்கிறவர் உண்மையான உரிமையாளர்தானா, அதன் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று அவருடைய பதிவகம் பார்க்கிறது. தேவைச் சோதனை விதி பொருந்தும் இடத்தில் வாங்குகிறவரின் பதிவகம் தேவையைச் சரிபார்க்கிறது. பதிவேட்டில் பெயர் மாறும், அந்த முகவரியை இணையத்தில் அறிவிக்கும் உரிமையைக் காட்டும் ரூட்டிங் சான்றிதழும் புதியவர் கைக்கு வரும். அப்படியும் தொல்லை உடனே ஓய்வதில்லை. முகவரி எந்த நாட்டில் இருக்கிறது என்று சொல்லும் இருப்பிடத் தரவுத்தளங்கள் பழைய நாட்டையே காட்டிக்கொண்டிருக்கும், பக்கங்கள் முன்பின் தெரியாத மொழியில் திறக்கும். பழையவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் புதியவரின் மின்னஞ்சல் போய்ச் சேராது. பதிவேட்டில் தன் பெயர் இருந்தால் ஒவ்வொரு இடமாகப் போய் இதைத் திருத்தச் சொல்லலாம். குத்தகை முகவரியில் இருப்பவர் எதைக் காட்டிக் கேட்பார்?

முகவரியே கிடைக்காத சிறிய சேவை நிறுவனத்தின் பாடு இதைவிட மோசம். நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒருவர் விஷமம் செய்தால் அத்தனை வீட்டுக்கும் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று வரும்.

முகவரித் தட்டுப்பாடே இல்லாத புதிய வகையான ஐபிவி6 வந்துவிட்டால் இதெல்லாம் வேண்டாமே என்பார்கள். வரட்டும், நானும் அதன் பக்கம்தான். ஆனால் ஐபிவி4 மட்டுமே பேசுகிற தளங்கள் இன்னும் ஏராளம். அவற்றை எட்ட, புதிதாகத் தொடங்குகிறவருக்கும் கொஞ்சமாவது ஐபிவி4 வேண்டும்.

பதிவகங்களின் கொள்கை விவாதத்தில் உறுப்பினர் அல்லாதவர்களும் கருத்துச் சொல்லலாம். மாற்றக் கொள்கை பற்றிய அடுத்த வரைவு வரும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: இலவசமாக வாங்கிய முகவரியை எத்தனை மாதம் விற்க முடியாது என்று போட்டிருக்கிறார்கள், குத்தகைக்குப் போன முகவரியை யார் பயன்படுத்துகிறார் என்று பதிவேட்டில் காட்டச் சொல்கிறார்களா. இரண்டாவது இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.