எந்தக் கேள்விக்கு ஏஐ பதில் சொல்லக் கூடாது?

அக்கா மதுரையில் வீட்டிலேயே பொடி அரைத்து விற்கிறாள். ஆர்டர் வாட்ஸ்ஆப்பில் வரும், இன்ஸ்டாகிராமில் வரும், சிங்கப்பூரில் இருப்பவர்கள் டெலிகிராமில் கேட்பார்கள். ராத்திரி 11 மணிக்கும் மூன்றையும் மாறி மாறித் திறந்து பதில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சாட்வூட் போட்டுக் கொடுத்தேன்.

அது திறந்த மூல மென்பொருள். நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். எங்கிருந்து செய்தி வந்தாலும் ஒரே இடத்தில் வந்து விழும். அதில் ஒரு ஏஐ உதவியாளரை இணைத்து, விலை, எடை, சேர்மானம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாலும் புரிந்துகொண்டது. முதல் வாரம் அக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

அப்புறம் ஒருநாள் ஒரு அம்மா கேட்டிருந்தார்: “குழந்தைக்குக் கோதுமை ஒத்துக்காது, சாம்பார் பொடி கொடுக்கலாமா?” “தாராளமாகக் கொடுக்கலாம், இதில் கோதுமை இல்லை” என்று பதில் போய்விட்டது. நான் கொடுத்த பட்டியலில் ‘பெருங்காயம்’ என்று மட்டும்தான் இருந்தது. அக்கா போடுவது கூட்டுப் பெருங்காயம். கடையில் விற்கும் டப்பாக்கள் பலவற்றில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரைக்கிறவளுக்கு அது தெரியும், பட்டியலைப் படிக்கிற ஏஐக்குத் தெரியாது. காலையில் பார்த்ததும் அக்கா பதறிப்போய் அவருக்கு போன் போட்டாள். நல்லவேளை, பார்சல் கிளம்பியிருக்கவில்லை.

ஏஐ உதவியாளர் எத்தனை செயலிகளில் ஓடுகிறது என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். அத்தனை வாசல் வழியாகவும் தப்பான பதிலும் போகுமே! எந்தக் கேள்வி வந்தால் ஏஐ ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் முதலில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பேன்.

சாட்வூட்டில் இதற்கு வழி இருக்கிறது. புது உரையாடல் ‘பெண்டிங்’ நிலையில் உதவியாளரிடம் இருக்கும். ‘ஓப்பன்’ ஆக்கினால் ஆளிடம் வந்துவிடும். செய்தி முதலில் என் நிரலுக்கு வருகிறது, பதில் எழுதும் ஏஐ மாடலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அங்கேயே முடிவு செய்கிறேன். ஒவ்வாமை, சர்க்கரை நோய், கர்ப்பம், மருந்து என்று பேச்சு வந்தாலே மாடலைக் கேட்காமல் ஓப்பன். “ஜாக்கிரதையாகப் பதில் சொல்” என்று மாடலுக்குக் குறிப்பு எழுதி வைப்பதை நான் நம்பத் தயாரில்லை. ‘ஒத்துக்காது’ என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பழைய செய்திகளைப் புரட்டிப் பட்டியல் எடுத்தவள் அக்காதான்.

ஆளிடம் விட்டால் மட்டும் போதாது. சாட்வூட் மாதிரி மென்பொருளை வாட்ஸ்ஆப்போடு இணைக்கும் வாட்ஸ்ஆப் பிசினஸ் ஏபிஐயில் வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரம்தான் நாம் நினைத்தபடி பதில் எழுத முடியும். அதற்கு மேல் முன்கூட்டி ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட், அதாவது முன்பே எழுதி வைத்த செய்தி, மட்டும்தான் போகும். டெலிகிராமில் அந்தக் கெடு இல்லை. அதனால் வாட்ஸ்ஆப் உரையாடல் ஓப்பன் ஆனதும் அக்கா போனில் மணி அடிக்கிற மாதிரி வைத்திருக்கிறேன்.

உணவுப் பொருள் விற்கிறவர்கள் யாராவது இப்படி ஓட்டுகிறீர்கள் என்றால் கமெண்டில் சொல்லுங்கள், அந்தச் சொற்பட்டியலை அனுப்புகிறேன்.