அது கண்கட்டு இல்லை சாமி, ஈ வலை

எங்கள் குதிரையையும் நாயையும் காட்டுகிற அந்த நாற்பது விநாடி வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மறுபடி இங்கே போட்டு அதை எடுத்தவருக்கு இன்னும் நாலு லைக் வாங்கித் தரப் போவதில்லை. எங்கள் தோட்டத்துக்கு வந்து, இளநீர் குடித்து, குழந்தையைக் குதிரை மேல் உட்கார வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனவர்தான். வீடு போய்ச் சேர்வதற்குள் ‘கண்ணைக் கட்டிக் கொடுமை, நாயைச் சங்கிலியில் போட்டுக் கொடுமை’ என்று ஏற்றிவிட்டார்.

அது துணிக்கட்டு இல்லை. கண்ணில் ஈ அண்டாமல் குதிரை முகத்தில் மாட்டுகிற வலை. கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு நீங்கள் விட்டத்தைப் பார்ப்பதில்லையா? குதிரைக்கும் அப்படித்தான் வெளியே தெரியும். வெயில் ஏறும்போது மாட்டுவோம், பொழுது சாய்ந்தால் கழற்றிவிடுவோம். ஐப்பசி மழை விட்ட மறுநாள் வலை போடாத குதிரையைக் கிட்டே போய்ப் பாருங்கள். கண்ணீரை உறிஞ்ச, மை தீட்டியதுபோல இமையோரம் பூரா ஈ உட்கார்ந்திருக்கும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் நாங்கள் முதன்முதலாகப் பிடித்து வந்த பெட்டைக்கு இப்படித்தான் கண் வீங்கி, சீழ் வைத்து, இருபது நாள் மருந்து விட்டோம். அப்போது வலையும் இல்லை, எங்களுக்கு அறிவும் இல்லை. அந்தக் கண்ணில் இன்னும் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. அதையும் வீடியோ எடுத்திருக்கலாம்.

‘சுத்தமாக வைத்திருந்தால் ஈ ஏன் வருகிறது?’ என்று கேட்கிறார்கள். வளர்ந்த குதிரை ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது கிலோ லத்தி போடும். எங்களிடம் இரண்டு. காலையும் மாலையும் அள்ளிக் குழியில் போட்டு மூடுகிறோம். வெயில் காலத்தில் முட்டை ஈயாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். மூத்திரத்தில் ஊறிய கூளத்தை விட்டுவைத்தால் கடி ஈ வந்துவிடும். பார்க்க வீட்டு ஈதான், ஆனால் வாயில் ஊசி. காலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். குதிரை நாளெல்லாம் காலைத் தரையில் அடித்து அடித்து லாடமே ஆட்டம் கண்டுவிடும். ‘குதிரைக்கு ஃபேனாம்’ என்று சிரித்தார்களே, காற்று பலமாக அடித்தால் ஈ அண்டாது, அதற்குத்தான் ஃபேன். இத்தனை செய்தும், பக்கத்துக் கோழிப்பண்ணை எருவில் பிறக்கிற ஈக்கு நான் கேட் போட முடியுமா? அதனால்தான் வலை. கண்கட்டு இல்லை, வலை.

இன்னொரு மேதாவி, நாய்க்கு அடிக்கிற உண்ணி மருந்தையே குதிரைக்கும் அடிக்கலாமே என்கிறார். அதில் அமிட்ராஸ் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் குதிரைக்குக் குடல் ஓட்டம் நின்று வயிறு கட்டிக்கொள்ளும், உயிரே போகலாம். நல்லவேளை, அவர் குதிரை வளர்க்கவில்லை.

அப்புறம் எங்கள் நாய், மணி. மணியைக் கட்டிப் போடுவது லாடக்காரர் வரும் நாளில் மட்டும்தான். வீடியோ எடுத்தவர் வந்ததும் அப்படி ஒரு நாளில்தான். குளம்பு சீவிய துண்டென்றால் மணிக்கு உயிர். குதிரையின் பின்னங்காலுக்கு நடுவே தலையை விட்டுப் பொறுக்குவான். அவனுக்கு முந்தி இருந்த கருப்பன் அப்படிப் பொறுக்கப் போய்த்தான் தாடையில் உதை வாங்கினான். டிவிஎஸ் ஃபிப்டியில் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியிலேயே மடி ஈரமாகிவிட்டது. குதிரையைக் குற்றம் சொல்ல முடியாது, பின்னால் எது அசைந்தாலும் அது உதைக்கும். கட்டாமல் விட்டது நான்தான். சங்கிலி கொஞ்சம் குட்டை என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, அது நியாயம். மாற்றிவிட்டேன். மணிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டையும் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுகிறேன். யாரும் கேட்கவில்லை.

ஊர் பேர் தெரியாதவர்கள் திட்டினால் துடைத்துப் போட்டுவிடலாம். அந்த வீடியோவுக்குக் கீழே அழுகிற முகம் போட்டவர்களில் எங்கள் மாமா மகனும் இருக்கிறான். போன முழுப்பரீட்சை லீவுக்கு அவன் பிள்ளைகள் இரண்டும் இங்கேதான் இருந்தன. காலையில் எழுந்ததும் வலையை மாட்டிவிட ‘நான், நீ’ என்று அடித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை, அந்த அழுகிற முகத்தை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்.