இதுக்கோ எழுநூறு கிலோமீற்றர்?

போன கிழமை நான் போட்ட நீர்வீழ்ச்சிப் படத்துக்கு முதலில் வந்த கேள்வி, "அண்ணை, இது எந்த இடம்?" ஓப்ரி நீர்வீழ்ச்சி, கனடாவின் வட ஒன்ராறியோ என்று எழுதினேன். அடுத்தது, "அங்கே வோஷ்றூம் இருக்கோ?" இல்லை. "சாப்பாட்டுக் கடை?" அதுவும் இல்லை. பிறகு ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார்: இவ்வளவு வரி கட்டுறம், இப்படி ஒரு இடத்தை ஏன் சும்மா போட்டு வைச்சிருக்கிறாங்கள், ஒழுங்காக அபிவிருத்தி செய்தால் எத்தனை சனம் வந்து பார்க்கும்?

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொமெண்டில் அடங்காது.

ரொறொன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து சட்பரி, அங்கிருந்து 17ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே தெசலோன் என்ற சின்ன ஊர், பிறகு 129ஆம் இலக்கச் சாலையில் வடக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். எல்லாமாக எழுநூறைத் தாண்டும். தெசலோனில் பெற்றோல் நிரப்பாமல் வடக்கே திரும்பாதீர்கள். கொஞ்சத் தூரத்தில் ஃபோனில் சிக்னல் போய்விடும். பின்சீற்றில் இருந்த மகள் அதை ஒரு மரண அறிவித்தல் மாதிரிச் சொன்னாள். சாலை ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. பைன், பேர்ச், இடையில் பாறை, திரும்பவும் பைன். எதிரில் வந்த வாகனங்களை விரல் விட்டு எண்ணலாம்.

இது சட்டப்படி ஒரு மாகாணப் பூங்காதான். ஆனால் 'இயக்கப்படாத' வகை. வாசலில் ஆள் இல்லை, கட்டணம் இல்லை. காரை விட்டுவிட்டு ஒரு கிலோமீற்றர் அளவு காட்டுக்குள் நடக்க வேண்டும்.

அந்த ஒரு கிலோமீற்றரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நாங்கள் போனது ஜூன் நடுப்பகுதி. பூச்சி இருக்கும் என்று தெரியும், ஆனால் நான் நினைத்தது நுளம்பை. வந்தது கறுப்பு ஈ. எள்ளை விடக் கொஞ்சம் பெரிது, சத்தமே போடாது. நுளம்பென்றால் காதுக்குள் வந்து பாடும், அடிக்கலாம். இது கடிக்கும்போது வலிக்கவும் மாட்டாது. என் பின்னால் வந்த மனைவி "இஞ்சருங்கோ, கழுத்தில ரத்தம்" என்றபோதுதான் கையை வைத்துப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் தொடங்கி சேட் கொலர் வரைக்கும் மெல்லிய ஒரு கோடு. மச்சான் தலையைத் துவாயால் மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். வாங்கி வந்த பூச்சி மருந்து பத்திரமாகக் காரில் இருந்தது.

வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான் தெரிந்தது, இந்த ஈயின் குடம்பிகள் ஓடும் தண்ணீரில்தான் வளருமாம், அதுவும் பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில். அதை அறிந்த பிறகு அவற்றின் மீது மரியாதை வந்தது. கழுத்து வீக்கம் நாலு நாள் இருந்தது, அது வேறு விஷயம்.

பாதையோரத்தில் ஒரு சின்ன ஓடை. மகள் போத்தலில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். எங்கள் வீட்டு வெறுந்தேத்தண்ணி நிறம். ஊத்தை இல்லை. இலையும் பாசியும் ஊறி இறங்குகிற சாயம் அது, தேயிலையில் இறங்குகிற மாதிரித்தான். "சீனி போடேல்லை போல" என்றார் மச்சான்.

பிறகு சத்தம். முதலில் தூரத்தில் லொறி போவது போல. அடுத்த வளைவில் மரங்கள் விலக, எதிர்ப்பக்கம் சிவந்த கருங்கல் படிப்படியாக நிற்க, அதன் மீது தண்ணீர் பல பிரிவாகப் பிரிந்து இறங்குகிறது. உயரம் 50 மீற்றர் அளவு. ஒரே விழுகையாக விழாமல், ஒவ்வொரு படியிலும் முட்டி, வழிமாறி, கீழே போய்ச் சேருகிறது. எங்களைத் தவிர ஒரு குருவியும் இல்லை. மச்சான் துவாயை விலக்கி அரை நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அத்தான், இதுக்கோ எழுநூறு கிலோமீற்றர் ஓடிவந்தனாங்கள்?"

நியாயமான கேள்வி. நயாகரா எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "மனிதன் கைபடாத இயற்கை" என்று நான் எழுதப் போவதில்லை. இந்த அருவிக்கு மேலே அணை இருக்கிறது. இந்த அருவி விழுகிற மிஸ்ஸிசாகி ஆற்றில் 1960களின் கடைசியில் கட்டிய மின்நிலையம் தண்ணீரில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. நீர்மட்டம் திடீரென்று உயரலாம் என்று எச்சரிக்கைப் பலகை நிற்கிறது, அதை மீறிக் கீழே இறங்காதீர்கள். நாம் பார்க்கிற அருவி, யாரோ திறந்துவிட்ட அளவு அருவி.

இதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை. நயாகராவே குழாய்த் தண்ணீர்தான். 1950ஆம் ஆண்டு கனடாவும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தப்படி சுற்றுலாக் காலத்துப் பகலில் விநாடிக்கு 1,00,000 கன அடி விழவேண்டும், மற்ற நேரத்தில் அதில் பாதி போதும். இலங்கையின் மலைநாட்டில், தலவாக்கலையில் சென் கிளேயர் அருவியும் அப்படித்தான், மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் பிறகு பகலில் அளந்து விடுகிறார்கள். சின்ன வயதில் நுவரெலியா போகும்போது அதைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறு என்றால் வழுக்கையாறு, அதுவும் மாரியில் மட்டும். கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் மேலிருந்து விழுவதே பெரிய அதிசயம்.

காடும் கைபடாத காடு இல்லை. வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி, இந்த ஆற்றில் மிதக்கவிட்டு, ப்ளைண்ட் றிவர் ஆலை வரை கொண்டுபோயிருக்கிறார்கள். 1912இல் கனடிய ஓவியர் ரொம் தொம்சன் இந்தப் பக்கம் சிறுவள்ளத்தில் வந்து, வள்ளம் கவிழ்ந்து, வரைந்ததில் பெரும்பகுதியை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அவர்களுக்கெல்லாம் முன்னரே இது அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1850ஆம் ஆண்டு பிரித்தானிய முடியோடு அவர்கள் செய்த றொபின்சன்-ஹியூரன் உடன்படிக்கைக்குள் வருகிற பகுதி. அதன்படி அவர்களுக்கு வருடம் ஒரு சின்னத் தொகை. 1875இல் அதை ஆளுக்கு 4 டொலர் ஆக்கினார்கள், அதன் பிறகு உயரவே இல்லை. மரம் போனது, கனிமம் போனது, மின்சாரம் போனது, 4 டொலர் அப்படியே நின்றது. பழைய பாக்கிக்காக 10 பில்லியன் டொலர் தர கனடிய, ஒன்ராறியோ அரசுகள் ஒத்துக்கொண்டது 2023இல்தான், அதுவும் நீதிமன்றம் ஏறி இறங்கிய பிறகு. நிலம் பற்றிய கதை என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆகவே "சும்மா போட்டு வைச்சிருக்கு" என்பது சரியில்லை. எடுக்க வேண்டியதை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். மிச்சமாக இருப்பது, அங்கே போய் நிற்கிறவருக்குக் கிடைக்கிற அந்தத் தனிமை. அபிவிருத்தி என்று தொடங்கினால் முதலில் போகப்போவது அதுதான். ரொபமோரிக்குப் போயிருப்பீர்கள். அங்கே கரையோரத்தில் இருக்கிற குகையைப் பார்க்க இப்போது காருக்கு நேரம் பதிய வேண்டும், 4 மணித்தியாலம் உங்களுக்கு, அது முடிய அடுத்த ஆள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு சனம் வந்தால் வேறு வழியில்லை. இங்கேயும் அந்தச் சனத்தைக் கூப்பிடுவானேன்?

என்னுடைய வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, எனக்கே தெரியும். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது. முழங்கால் விடாது, போகிற வழியில் மலசலகூடம் இல்லை என்றால் அவர் வெளிக்கிடவே மாட்டார். சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கும் நயாகராதான். அங்கே நல்ல சாய்தளம், கதிரை, கழிவறை எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள், இன்னும் போடட்டும், நான் அதற்கு எதிரியில்லை. அம்மாவுக்கு நான் எடுத்த வீடியோவைக் காட்டினேன். சத்தத்தைக் கூட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டார். பிறகு, "கழுத்தில என்னடா வீக்கம்?" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: பூச்சிக்குத் தலையில் போடுகிற வலை வாங்குங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் ரோல்ஸும் புளிச்சாதமும் கொண்டுபோய், பூச்சிக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அள்ளுவதற்கு அங்கே ஆள் இல்லை. கார் தரிப்பிடத்தில் ஒரு கோப்பிக் கப் கிடந்தது. அதை மச்சான்தான் எடுத்துப் பையில் போட்டார்.

நேற்று இரவு அவரிடமிருந்து ஒரு வட்ஸ்அப். "அத்தான், செப்டெம்பரில இலை நிறம் மாறேக்குள்ள பூச்சி இருக்காதாமே?"