பிரீ ஸ்டேட் தாண்டணும்ல

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். வழியெங்கும் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, சுத்தமான கழிப்பறை. அப்படியிருந்தும், நண்பரின் மாமனார் மாமியாரோடு போன வாரம் கிளம்பும்போது, ஆன்ட்டி ஒரு கல்யாண வீட்டுக்கே போதுகிற மாதிரி கட்டிக்கொண்டு வந்தார். உருளைக்கிழங்கு வறுவலை உள்ளே வைத்துச் சுருட்டிய ரொட்டி, அவித்த முட்டை, ஃபிளாஸ்க் நிறைய டீ. எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, "பிரீ ஸ்டேட் தாண்டணும்ல" என்றார், வழியில் வரும் அந்த மாகாணம் ஏதோ பாலைவனம் என்பது போல.

ஊரைத் தாண்டும்போதே அங்கிள் ஜன்னல் வழியாகக் காட்டியது கேட்டோ மேனர். அவருடைய தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டுக்காரர். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு அப்படிக் கப்பலேறியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் கேட்டோ மேனரில் நிலம் பிடித்து, வாழையும் காய்கறியும் போட்டு, கோயிலும் கட்டினார்கள். பிறகு அது வெள்ளையர் பகுதி என்று அரசு அறிவித்தது. அங்கிளின் குடும்பத்துக்கு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் வரிசை வீடுகளில் ஒன்று கிடைத்தது. காலி செய்யவைத்த நிலத்தில் பெரும்பகுதி பல வருடம் புதர் மண்டிக் கிடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. ஆளை விரட்டியவர்கள் அங்கே குடியேறக்கூட இல்லை! கோயில்கள் மட்டும் நின்றன. திருவிழாவுக்கு ஜனங்கள் சாட்ஸ்வொர்த்திலிருந்து திரும்பி வந்தார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்தால் நம் ஆட்கள் எல்லோரும் 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷனைத்தான் தேடுவார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிருந்ததும் இதே ஊரில்தான். இந்தியர்கள் அனுமதிச் சீட்டில்லாமல், ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் எல்லையைத் தாண்டுவதே அப்போது குற்றம். அதை மீறிய போராட்டத்தில் மூன்று மாதக் கடுங்காவல் பெற்றவர், காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது பதினாறு. தில்லையாடி அவருடைய பெற்றோர் வழி ஊர். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில்.

வான் ரீனன் கணவாய் ஏறி இறங்கினால் பிரீ ஸ்டேட். 1891இல் அங்கே ஒரு சட்டம் போட்டு, இந்தியர்களின் கடைகளை மூடவைத்து, நஷ்ட ஈடுகூடக் கொடுக்காமல் வெளியேற்றினார்கள். அதன்பின் இந்தியர் யாரும் அந்த மாகாணத்தில் குடியிருக்க முடியாது. அந்தத் தடை எப்போது நீங்கியது தெரியுமா? 1986இல். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்! அங்கிள் சின்னப் பையனாக இருந்தபோது, அவருடைய அப்பா எல்லைக்கு முன்னாலேயே டேங்கை நிரப்பிக்கொள்வாராம். பிள்ளைகள் அங்கேயே ஒன்றுக்குப் போய்விட வேண்டும். அப்புறம் எங்கும் நிறுத்தாமல் ஓட்டம்தான். நடுவழியில் டயர் பஞ்சரானால் என்ன செய்வது என்ற பயத்தில் அம்மா தூங்கவே மாட்டாராம். சாப்பாடு மடியில். ஆன்ட்டியின் ரொட்டிச் சுருள் அந்த வழியில் வந்தது.

"எல்லாம் முடிந்து போன கதை, இன்னும் எதற்குக் கிளற வேண்டும்" என்பவர்கள் அங்கேயும் உண்டு. முடிந்தது சட்டம்தான். பிரீ ஸ்டேட்டிலுள்ள ஹாரிஸ்மித்தில் காபி குடிக்கலாம் என்று நான் வண்டியை நிறுத்தினேன். அங்கிள் இறங்கினார், ஆன்ட்டி காரிலேயே இருந்துகொண்டார்.

எந்தெந்த இனம் எந்தெந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்துப்போட்ட சட்டம் தென்னாப்பிரிக்காவில் வந்தது 1950இல், ரத்தானது 1991இல். அதே 1950இல்தான் தீண்டாமையை ஒழித்த நம் அரசியல் சாசனம் அமலுக்கு வந்தது. பெருமையாகத்தான் இதைச் சொன்னேன். அங்கிள் உடனே, "அப்போ உங்க ஊர்ல எல்லாரும் ஒரே தெருவிலயா இருக்கீங்க?" என்று கேட்டார். ஊர்த் தெரு, காலனி என்று சொல்லவேண்டியதாயிற்று. உத்தபுரம் சுவரையும் சொன்னேன். மதுரைப் பக்கம், தலித் மக்களை ஒதுக்கி நின்ற அந்தச் சுவரின் ஒரு பகுதியை 2008இல்தான் இடித்தார்கள். "எந்தச் சட்டத்துல கட்டினாங்க?" என்றார். சட்டமே இல்லை என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. சட்டம் இருந்தால் ரத்து செய்யலாம், இதை எப்படி ரத்து செய்வீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் டீக்கடைக் குவளை, சுடுகாட்டுப் பாதை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வில்ஜ் டோல்கேட் வந்தபோதும் முடியவில்லை.