மர ஹெட்ஃபோனில் நாம் கேட்பது மரத்தையா?

மரக் கப், அதாவது காதுப் பக்கத்துக் கிண்ணம் மரத்தில் செய்த ஹெட்ஃபோன் வாங்கலாமா என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார்கள். மூவரின் கேள்வியும் ஒன்றுதான்: "மரம்னா சவுண்டு நல்லா இருக்கும்தானே?" தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். காது மடல் மேலேயே உட்காரும் ஆன்-இயர் வகையைப் பற்றித்தான் பேச்சு. காதை முழுக்க மூடும் பெரிய வகைக்கு இதில் சில பொருந்தும், சில பொருந்தாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருமையாக ஒலிக்கும் மர ஹெட்ஃபோன்கள் இருக்கின்றன. ஆனால் அந்த அருமைக்கு மரம் காரணம் என்று நான் இப்போது நம்பவில்லை. ஒரு காலத்தில் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், நாலு பேரிடம் அடித்துப் பேசி வாங்கவும் வைத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. வீணைக் குடமும் மிருதங்கக் கட்டையும் பலா மரத்தில் செய்வது. மரத்தின் முற்றலும் ஈரமும் நாதத்தை மாற்றும் என்று வாசிப்பவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். மரத்துக்கு நாதம் உண்டு, அப்படியானால் மர ஹெட்ஃபோனிலும் அது வரும் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டது. தவறு அந்த முடிச்சில்தான். வீணையின் உடம்பு அதிர வேண்டும், அதிர்ந்து தந்தியின் ஒலியோடு தன் ஒலியைச் சேர்க்க வேண்டும். ஹெட்ஃபோனின் கப்போ சும்மா இருக்க வேண்டும். வீணையின் நாதம் பதிவிலேயே வந்துவிட்டது. கப் தன் பங்குக்கு எதையாவது சேர்த்தால், அந்தச் சாயம் குரல் மீதும் ஏறும், வயலின் மீதும் ஏறும், தவில் மீதும் ஏறும். எல்லாக் குழம்பிலும் ஒரே மசாலா போட்ட மாதிரி.

எடையை வைத்துப் பார்த்தாலும் புரியும். கப்புக்குள் ஒலியை உண்டாக்கும் டிரைவரில் அசையும் சவ்வும் கம்பிச்சுருளும் சேர்ந்து ஒரு கிராம்கூட வராது. அதைச் சுமக்கும் கப் பல பத்து கிராம். இத்தனை லேசான ஒன்று அத்தனை கனமான ஒன்றைக் குலுக்கிப் பாட வைப்பது நடக்கிற காரியம் இல்லை. கொஞ்சம் அதிரும், மறுக்கவில்லை. பிளாஸ்டிக்கும் அதிரும். மெல்லிய, மலிவான பிளாஸ்டிக் கப்பை விரல் கணுவால் தட்டினால் 'டொக்' என்று வெற்றாக ஒலிப்பதையும், மரக் கப் அடங்கி ஒலிப்பதையும் கேட்டிருப்பீர்கள். அந்த வித்தியாசம் உண்மை. ஆனால் பாட்டுக் கேட்கும்போது யாரும் கப்பைத் தட்டிக்கொண்டிருப்பதில்லை.

இசைக்கருவியிலேயே மரத்தின் பங்கு நாம் நினைக்கும் அளவுக்கு இல்லாமல் போகலாம். இங்கிலாந்தின் லாங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு அக்குஸ்டிக் கிட்டார்களை ஒரே அச்சாகச் செய்து, பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரத்தில் வைத்தார்கள். ரோஸ்வுட்டில் இரண்டு வகை, மஹோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்கள், எந்த மரம் என்று தெரியாதபடி வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு மங்கலான வெளிச்சத்தில் வாசித்து மதிப்பிட்டார்கள். ஒலியின் தரத்துக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண்கள் ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அதிர்வதற்கென்றே செய்த பெட்டியின் கதையே இது.

இன்னொன்றும் யோசியுங்கள். ஒவ்வொரு மரத்துண்டின் ரேகையும் வேறு, ஆகவே உங்கள் ஹெட்ஃபோன் உலகில் ஒன்றே ஒன்று என்று விளம்பரத்தில் சொல்வார்கள். பார்வைக்கு அது சரி. ஆனால் மரம் ஒலியைக் கேட்கும் அளவுக்கு மாற்றும் என்றால், இடது கப்பும் வலது கப்பும் வேறு வேறு துண்டுதானே? இரண்டு காதிலும் இரண்டு விதமாகக் கேட்க வேண்டுமே? நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கமாக நகர வேண்டுமே? நல்ல மர ஹெட்ஃபோனில் அப்படி நகர்வதில்லை.

இந்த யோசனைதான் என்னை ஒரு சோதனைக்குத் தள்ளியது. என்னிடம் பழைய பிளாஸ்டிக் ஆன்-இயர் ஒன்று உண்டு. கடைசல் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோய், வலது கப்பை மட்டும் தேக்கில் கடைந்து தரச் சொன்னேன். உள்விட்டம், ஆழம், பின்னாலிருக்கும் காற்றுத் துளை எல்லாம் பழைய கப்பின் அளவேதான். டிரைவரைக் கழற்றி அதில் பொருத்தினேன். இடது பிளாஸ்டிக், வலது தேக்கு, உள்ளே ஒரே ஜோடி டிரைவர். ஃபோனின் அமைப்புகளில் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் இரண்டு காதுக்கும் அச்சு அசலாக ஒரே ஒலி போகும். தனிக்குரல் பதிவு ஒன்றைப் போட்டேன். இரண்டு பக்கமும் ஒன்று போல ஒலித்தால் குரல் நெற்றிக்கு நேராக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. வலப்பக்கம், தேக்குப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் கொஞ்சம் கனமாக, நிறைவாகக்கூட இருந்தது. என் காதுகளில்தான் வித்தியாசமோ என்று ஹெட்ஃபோனை இடம் வலமாக மாற்றி மாட்டினேன். குரலும் மரத்தோடு சேர்ந்து இடப்பக்கம் போனது. அப்போது வந்த மகிழ்ச்சியை எழுதத் தெரியவில்லை. இத்தனை நாள் சொன்னது பொய்யில்லை என்று நண்பனுக்கு உடனே ஃபோன் செய்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. டிரைவரைக் கழற்றும்போது வலப்பக்கத்துப் பழைய பேட், அதாவது காதில் படும் பஞ்சு மெத்தை, கிழிந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் புதியது போட்டிருந்தேன். இடப்பக்கம் நாலு வருஷம் அமுங்கிய பழைய பேட். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். குரல் பிளாஸ்டிக் பக்கம் போய்விட்டது. கனமும் நிறைவும் கூடவே போய்விட்டன. இரண்டு பக்கமும் புது பேட் போட்டேன். குரல் நடுவில் வந்து நின்றது, மாற்றி மாட்டியும் அசையவில்லை.

நண்பன் கேட்டான்: "அப்ப நான் கடைஞ்சதுல ஒண்ணுமே இல்லையாடா?" 

"காதுக்கு இல்லடா. கைக்கு இருக்கு" என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதில்லை அது. பின்னால் வருகிறேன்.

ஒரே ஒரு ஹெட்ஃபோனில் ஒருவன் செய்த சோதனை இது, விஞ்ஞானம் என்று தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது. ஆன்-இயரில் பேட்தான் பாதி ஹெட்ஃபோன். காது மடல் மேடு பள்ளமானது, அதன் மேல் தட்டையான பஞ்சு உட்காருகிறது. எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே காற்று கசியும், கசிவோடு பாஸ், அதாவது அடித்தள ஒலி, போய்விடும். இப்போதே சோதித்துப் பார்க்கலாம்: பாட்டு ஓடும்போது இரண்டு கப்பையும் விரலால் லேசாக அழுத்துங்கள். பாஸ் பொங்கி வந்தால், உங்கள் காதில் அது சரியாக உட்காரவில்லை என்று பொருள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் கேட்டுப் பார்க்க வேண்டும். கம்மல், தலைமுடிகூடக் கணக்கில் வரும். ஒரே ஹெட்ஃபோனை ஒருவர் 'பாஸே இல்லை' என்பதும் இன்னொருவர் 'பாஸ் அள்ளுது' என்பதும் இதனால்தான். இருவரும் பொய் சொல்லவில்லை.

பின்பக்கம் திறந்த வகையில் இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு. அதில் கீழ்ப் பாஸ் இயல்பாகவே மெலிந்துதான் இருக்கும், செய்பவர்களும் அதை வைத்தே ஒலியை அமைக்கிறார்கள்.

மூடிய கப் என்றால் அதன் உட்புறம் முக்கியம். உள்ளே 5 சென்டிமீட்டர் அகலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பி, சுமார் 3,400 ஹெர்ட்ஸில் தேங்கும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அதுதான். குரலில் ஒரு தகரத்தன்மை, 'கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி' என்று சொல்வோமே, அதில் பெரும்பங்கு இந்தத் தேக்கத்துடையது. மரமோ பிளாஸ்டிக்கோ, வழவழப்பான கெட்டிச் சுவர் ஒலியைத் திருப்பித்தான் அனுப்பும். வார்னிஷ் அடித்த மரம் இன்னும் நன்றாகவே அனுப்பும். அதை அடக்குவது உள்ளே வைக்கும் கம்பளித் துண்டும் பஞ்சும், கப்பின் வடிவமும்தான். கைவேலை தெரிந்தவர்கள் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துக் கேட்டுப் பாருங்கள். எந்த மரமும் தராத மாற்றம் தெரியும்.

'அப்படியானால் பேர்போன கம்பெனிகள் எதற்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நியூயார்க்கின் புரூக்ளினில் 1953இல் தொடங்கிய கிராடோ, எஸ்ஆர்60ஐப் பிளாஸ்டிக்கிலும் எஸ்ஆர்325ஐ உலோகத்திலும் ஆர்எஸ்1ஐ மஹோகனியிலும் செய்தது. ஆடியோ-டெக்னிகாவின் இஎஸ்டபிள்யூ9 ஆப்பிரிக்கப் படாக் மரத்தில் வந்த ஆன்-இயர். சோனி 1989இல் கொண்டுவந்த எம்டிஆர்-ஆர்10இன் கப் ஜப்பானிய செல்கோவா மரம். இவை மட்டமானவை என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் மரத்துக்கு மாறும்போது மரம் மட்டுமா மாறுகிறது? உயர்ந்த மாடல் என்பதால் டிரைவரின் தேர்வும் அமைப்பும் மாறுகின்றன, கப்பின் வடிவமும் மாறுகிறது. ஆர்10இல் சவ்வே நுண்ணுயிர்கள் உருவாக்கும் செல்லுலோஸில் செய்தது. பத்து காரணங்களில் கண்ணுக்குத் தெரிவது மரம் ஒன்றுதான், புகழ் முழுக்க அதற்கே போய்விடுகிறது. தொழில் சார்ந்த காரணமும் உண்டு. பிளாஸ்டிக் கப்புக்கு அச்சு செய்யவே பெரும் முதல் வேண்டும், பல்லாயிரம் விற்றால்தான் கட்டுப்படியாகும். நூறு ஹெட்ஃபோன் செய்யும் சின்னப் பட்டறைக்கு மரமும் கடைசல் எந்திரமும் போதும். அக்கறையாகச் செய்யும் சின்னப் பட்டறைகள் மரத்தை எடுப்பதில் வியப்பில்லை.

விலை ஏறினால் ஒலி ஏறும் என்பதும் அப்படி ஒரு நம்பிக்கைதான். 2017இல் வெளியான ஜெரோன் பிரீபார்ட்டின் ஆய்வில் 283 ஹெட்ஃபோன்களின் அலைவரிசைப் பதிலை (பாஸ் முதல் கீச்சொலி வரை எதை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்பதை) அளந்து விலையோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பே கிடைக்கவில்லை. ஒலியில் அலைவரிசைப் பதில் மட்டுமே எல்லாம் இல்லை. ஆனால் நாம் 'டோன்' என்று சொல்வதில் பெரும்பகுதி அதுதான்.

கேட்டுப் பார்த்து வாங்க வாய்ப்பு இருந்தால், முதலில் ஒலியளவைச் சமன் செய்யுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது நல்லதாகத்தான் தோன்றும், அது காதின் சுபாவம். நன்றாகப் பழகிய குரல் ஒன்றைப் போடுங்கள், 'ச' வரும் இடங்களில் ஊசி குத்துகிறதா பாருங்கள். பிறகு மிருதங்கம். அதன் இடப்பக்கமான தொப்பியின் 'தொம்' உருண்டு அடங்க வேண்டும். அடங்காமல் பரவினால் பாஸ் வீங்கியிருக்கிறது, 'தொம்'மே இல்லாமல் தட்டல் மட்டும் கேட்டால் கசிவு. தம்புரா நல்ல சோதனை. ஓயாத ஒலி என்பதால், ஹெட்ஃபோன் எந்த இடத்தில் மூக்கால் பேசுகிறது என்பது அதில் ஒளியாது. கூடுமானால் கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரை மாற்றி மாட்டச் சொல்லுங்கள். எடையும் பேட்டின் தொடுகையும் காட்டிக் கொடுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனாலும் பளபளக்கும் மரரேகையைப் பார்த்துக்கொண்டே கேட்பதைவிட மேல். அப்புறம் முக்கால் மணி நேரமாவது கழற்றாமல் போட்டிருங்கள். ஐந்து நிமிஷத்தில் சொக்க வைத்த ஆன்-இயர், நாற்பதாவது நிமிஷத்தில் காது மடலை நெருப்பாகச் சுட வைப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். வலிக்கும் ஹெட்ஃபோனில் எந்த நாதமும் நுழையாது.

பெட்டியில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பதைத் தாண்டிப் போய்விடுங்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

மரத்துக்கென்று நான் காசு கொடுப்பேனா? கொடுப்பேன். கொடுத்தும் இருக்கிறேன். கையில் எடுத்தால் வரும் வெதுவெதுப்பு, வருஷம் ஏற ஏற நிறம் ஆழ்ந்துபோவது, ஒருவர் உட்கார்ந்து இழைத்த பொருள் என்ற எண்ணம், இவை எனக்குப் பெரிது. பிடித்த பொருளை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம், பழுதானால் தூக்கி எறியாமல் சரிசெய்கிறோம். ஆனால் அந்தக் காசு அழகுக்கு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். 'இந்த மரத்தின் கதகதப்பான ஒலி' என்று சொல்லி ஒலியின் பேரில் வாங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருமுறை அப்படி வாங்கிய ஒன்றைத் திறந்து பார்த்தேன். பெயர் சொல்ல வேண்டாம். உள்ளே முழுக்கப் பிளாஸ்டிக் கிண்ணம், வெளியே காகிதம் போல ஒட்டிய மரத்தோல். கோபம் வந்தது. கப்பின் விளிம்பில் மரரேகை மடங்கித் தொடர்கிறதா, ஓரத்தில் அறுபட்டு நிற்கிறதா என்று பார்த்தாலே முழு மரமா, தோலா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மரத்தைவிட முன்னால் கேட்க வேண்டியவை இவை: மாற்று பேட் தனியாகக் கிடைக்கிறதா, ஒயரைக் கழற்றி மாற்ற முடியுமா, தலைப்பட்டை உடைந்தால் பாகம் தருவார்களா. பேட் கிடைக்காத மர ஹெட்ஃபோன் சில வருஷங்களில் அலமாரிப் பொம்மை. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ரேகைக்குக் குறுக்காக விரிந்து சுருங்கும், ரேகை ஓடும் திசையில் அவ்வளவாக அசையாது. பூச்சு சரியில்லை என்றால் வியர்வையிலும் ஈரத்திலும் வெடிப்பு விடும். வாங்கும்போது கப்பின் உட்புறமும் பூசியிருக்கிறதா என்று கேளுங்கள்.

என் சோதனை ஹெட்ஃபோன் இன்னும் ஒரு பக்கம் தேக்கு, ஒரு பக்கம் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் அதைத்தான் போட்டிருக்கிறேன், குரல் நடுவில்தான் நிற்கிறது. இடது பக்கத்துக்கும் ஒரு தேக்குக் கப் கடைந்து தரச் சொல்லி நண்பனிடம் அளவு கொடுத்திருக்கிறேன்.