கவுன்சிலரின் புத்தாண்டுப் பட்டியலும் 5% தள்ளுபடியும்: உண்மை விளக்கம்

"புத்தாண்டில் கவுன்சிலர் அறிவித்த சாலை, வடிகால் பணிகளுக்கு ஜனவரி 1 முதல் நிதி வந்துவிட்டது. பொங்கலுக்குள் சொத்து வரியை அவர் அலுவலகத்தில் கட்டினால் 5% தள்ளுபடி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல்தான் தொடங்குகிறது. ஜனவரியில் கவுன்சிலர் வெளியிடும் பட்டியல், அவர் மன்றத்தில் கேட்கப்போகும் பணிகள், அவ்வளவே. அந்தப் பணி தொடங்க பொறியாளர் செலவு மதிப்பீடு தயாரிக்க வேண்டும், மன்றத் தீர்மானம், நிர்வாக ஒப்புதல், டெண்டர், பிறகு பணி ஆணை (ஒப்பந்ததாரரை வேலையைத் தொடங்கச் சொல்லும் உத்தரவு). பெரும்பாலும் மதிப்பீட்டிலேயே தேங்கும்: வடிகாலின் நீளமும் அது போய்ச் சேரும் இடமும் அளக்கப்படாமல் கோப்பு நகராது. பணி ஆணை எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் வேலை இன்னும் காகிதத்தில்தான்.

தள்ளுபடி என்பது பாதி உண்மை, அதனால்தான் பலர் நம்புகிறார்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளில் அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். ஜனவரியில் கிடையாது. வரி வாங்கும் அதிகாரமும் கவுன்சிலருக்கு இல்லை. வரி வசூல் மையத்திலோ உள்ளாட்சியின் இணையதளத்திலோ கட்டி, ரசீதில் உங்கள் வரிவிதிப்பு எண் சரியா என்று பாருங்கள்.

ஊராட்சியில் இருப்பவர்கள் ஜனவரி 26 கிராம சபையில் வரவு செலவுக் கணக்கை நேரிலேயே கேட்கலாம். இந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் நீக்கிவிடுங்கள்.